முடியாத பக்கங்கள்: செங்கல்பட்டு, மாமல்லபுரக் கரையில் கதை எழுதுவோர்க்கு ஒரு திறந்த மடல்

செங்கல்பட்டு நகரிலும், திருக்கழுக்குன்றத்திலும், கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் எனக் கரையோரமாக நீளும் ஊர்களிலும் சிறுகதையும் நாவலும் எழுதிவரும் நண்பர்களுக்கு,



இம்மடல் ஒரு பழக்கத்தைப் பற்றியது. புனைகதை எழுதுவோர் சிலர் அவ்வப்போது கூடி, சென்ற மாதம் எவ்வளவு எழுதப்பட்டது, வரும் மாதத்துக்குள் எது முடியும், எந்த அத்தியாயத்தில் பேனா நின்றுபோனது என்பவற்றைத் தம்முள் சொல்லிக்கொள்வதும், தளர்ந்தவரைத் தட்டிக்கொடுத்து மேசைக்குத் திருப்பி அனுப்புவதும் தமிழ் எழுத்துலகுக்குப் புதியன அல்ல. ஆயினும் இன்று இப்பழக்கம் பெரும்பாலும் எண்ணிக்கையை அறிவிப்பதாகவும், அந்த அறிவிப்புக்கு 'அருமை', 'வாழ்த்துகள்', 'தொடருங்கள்' என்னும் ஒற்றைச்சொல் மறுமொழி பெறுவதாகவும் மெலிந்துவிட்டது. எழுத்தாளர் ஒருவர் சக எழுத்தாளரிடம் கொண்டுவர வேண்டியது முடியாத பக்கம் என்பதும், அவருக்கு மற்றவர் தர வேண்டியது கவனமான வாசிப்பு என்பதுமே இம்மடலின் கட்சி.

முடியாத பணியைப் பிறர் கண்ணில் படவைக்கக் கூச்சப்படுவோர்க்கு இந்தக் கரையே விடை வைத்திருக்கிறது. மாமல்லபுரத்துப் பல்லவர் பணிகளுள் முற்றுப்பெறாதவை பல. ஐந்து ரதங்கள் எனப்படும் ஒற்றைக்கல் கோயில்கள், அதாவது கல்லை அடுக்கிக் கட்டாமல் நின்ற பாறையையே மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்தவை, சில இடங்களில் உச்சியில் நுணுக்கம் நிறைந்தும் அடிப்பகுதியில் கரடாகவும் நிற்பதைக் காணலாம். ஊருக்கு மேற்கே, சுற்றுலாப் பேருந்துகள் அதிகம் எட்டிப்பார்க்காத பக்கத்தில் உள்ள பிடாரி ரதங்கள் இரண்டும் வலையன்குட்டை ரதமும் இன்னும் வெளிப்படையானவை. மேல்தளங்கள் உருப்பெற்றுவிட்டன, கீழே பாறை பாறையாகவே கிடக்கிறது. முடியாத குடைவரைகளில், பாறை முகப்பைச் சதுரம் சதுரமாகக் கோடிட்டுப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் தட்டி எடுத்தபடியே சிற்பிகள் உள்ளே சென்ற முறை உளித்தடத்தோடு தெரிகிறது. அர்ச்சுனன் தபசு என்று ஊரார் சொல்லும் பெரிய புடைப்புச் சிற்பத்துக்குக்கூட முற்றுப்பெறாத இன்னொரு வடிவம் அதே ஊரில் இருக்கிறது. முடிந்த சிற்பத்தின் முன் நின்று வியக்கலாம். வேலை எப்படி நடந்தது என்று அறிய விரும்புபவர் முடியாத பாறையிடம்தான் போக வேண்டியிருக்கிறது, பல்லவர் கலையை ஆராய்ந்தவர்களும் அங்கேதான் போனார்கள். முதல் ஆறு அத்தியாயம் மெருகேறியும் பிற்பகுதி வெறும் குறிப்புகளாகவும் இருக்கும் நாவலும் அத்தகையதே. சக எழுத்தாளர் கற்றுக்கொள்ளக்கூடிய நிலை அதுதான். அச்சான நூலில் உளித்தடங்கள் எல்லாம் தேய்க்கப்பட்டுவிடுகின்றன.

எண்ணிக்கை என்னும் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 1999 ஜூலையில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று தொடங்கிய முயற்சி, மறு ஆண்டே நவம்பருக்கு மாறி, 'தேசிய நாவல் எழுதும் மாதம்' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது. 30 நாளில் 50,000 சொல் என்பது அதன் இலக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667. அதை நடத்திவந்த அமைப்பு 2025-இல் தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டபோதிலும், அது பரப்பிய சொல்லெண்ணும் வழக்கம் தமிழ் எழுதுவோரிடமும் ஒட்டிக்கொண்டது. தமிழோ ஒட்டுநிலை மொழி. அதாவது வேற்றுமை உருபும் காலமும் இடமும் துணைவினையும் தனித்தனிச் சொல்லாக நில்லாமல் வேர்ச்சொல்லின் வாலில் ஒட்டி நீளும் மொழி. 'போய்க்கொண்டிருந்தவர்களோடு' என்று தமிழில் ஒரு சொல்லாக நிற்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும் என்பதால், ஆங்கிலத்துக்கென வகுத்த 50,000 தமிழில் வேறொரு மலை. போதாக்குறைக்கு, 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதுபவர் ஒரு சொல்லும், 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்து எழுதுபவர் மூன்று சொல்லும் எழுதியதாகக் கணினி கணக்குக் காட்டும். அன்றைய இலக்கை எட்டாதவர் இடைவெளி விட்டு இடைவெளி விட்டே எட்டிவிடலாம். எண்ணித்தான் தீர வேண்டுமெனில் காட்சிகளை எண்ணுவது தமிழுக்குப் பொருந்தும். ஓர் இடத்தில், ஒரு பொழுதில், பாத்திரங்களுக்கிடையே ஏதேனும் ஒன்று மாறி முடியும் கதைத்துண்டே காட்சி எனப்படுகிறது; இந்த வாரம் ஒரு காட்சி முடிந்தது என்று சொல்பவர் எதையோ உண்மையாகவே முடித்திருக்கிறார்.

முந்தைய தலைமுறையினர்க்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை, ஏனெனில் கெடுவை இதழ் வைத்தது. கல்கி 'சிவகாமியின் சபத'த்தைத் தம் வார இதழில் 1944 முதல் 1946 வரை தொடர்கதையாக எழுதியபோது, வாரந்தோறும் அச்சுக்கூடம் காத்திருந்ததே அவருக்கான தூண்டுதலாகவும் கணக்கெடுப்பாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்நாவலின் வித்து அச்சுக்கூடத்தில் விழவில்லை. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரோடு மாமல்லபுரக் கடற்கரையில் கழித்த ஒரு பொழுதில் அது விழுந்ததாகக் கல்கியே முன்னுரையில் பதிவுசெய்திருக்கிறார். முளைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. டி.கே.சி. கதாசிரியர் அல்லர். கேட்பதும், சுவைப்பதும், சுவைத்ததைச் சொல்லிச் சொல்லி எழுதுபவரைச் சூடேற்றுவதும் அவர் தொழிலாக இருந்தன; திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' அதற்கென்றே பெயர்பெற்றது. கதை எழுதாத, ஆனால் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரேனும் எழுதுவோர் குழுவில் இருப்பது நல்லது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எழுதுபவர்கள் மட்டுமே கூடிய இடத்தில் ஒவ்வொருவரும் தம் முறை எப்போது வரும் என்றே கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பர். இன்று வார இதழ்களில் கதைக்கான இடம் சுருங்கிவிட்ட நிலையில், மறைமலைநகர்த் தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்து வந்து எழுதுபவருக்கும், தாம்பரத்துக்கு மின்ரயிலில் போய்வரும் வழியில் எழுதும் ஆசிரியைக்கும் கெடு வைக்க எந்த இதழாசிரியரும் இல்லை. அந்த வேலையை அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டியதாகிறது.

இருவர் மட்டுமே கொண்ட குழு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குக் கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூர் சான்று. கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் அவ்வூரில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். அழகிரிசாமி பத்திரப்பதிவு அலுவலக எழுத்தர் வேலையை விட்டுச் சென்னைக்குப் போய் இதழ்களில் பணியாற்றினார், கி.ரா. ஊரிலேயே விவசாயியாக இருந்தார். இடையில் ஓடியவை கடிதங்கள். இசை, இலக்கியம், அன்றாட வாழ்க்கை என எல்லாம் கலந்து அழகிரிசாமி எழுதிய அக்கடிதங்கள் பிற்காலத்தில் நூலாயின. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட கி.ரா.வின் 'மாயமான்' 1958-இல் 'சரஸ்வதி' இதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது 35-ஐ ஒட்டியிருந்தது. அதாவது நண்பர் பெயர்பெற்ற எழுத்தாளராகிப் பல ஆண்டுகள் கழித்தே அவர் எழுத வந்தார். இங்கே கவனிக்க வேண்டியது, இருவரும் ஒரே வேகத்தில் முன்னேறவில்லை என்பது. எண்ணிக்கை சொல்லிக்கொள்ளும் குழு ஒன்றில் கி.ரா. பதினைந்து ஆண்டுகளாகச் சுழியம் என்றே அறிவித்துக்கொண்டிருந்திருப்பார். மூன்றாம் மாதமே கூச்சத்தில் விலகியும் இருப்பார். கடிதம் கேட்டதோ எண்ணிக்கையை அன்று. 'அன்பளிப்பு' தொகுப்புக்காக அழகிரிசாமிக்கு 1970-இல், அவர் மறைவுக்குப் பின், சாகித்திய அகாதெமி விருது அளிக்கப்பட்டது. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காகக் கி.ரா.வுக்கு அதே விருது 1991-இல் கிடைத்தது. ஒரு சிற்றூருக்கு இரண்டு விருது என்பது பெருமைதான், எனினும் இம்மடலுக்கு அந்த 21 ஆண்டு இடைவெளியே முக்கியமானது.

அழகிரிசாமி கடல் கடந்தும் இதே காரியத்தைச் செய்தார். 1952 முதல் 1957 வரை மலாயாவில் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய காலத்தில், கோலாலம்பூரில் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தி, உள்ளூரில் எழுதப்பட்ட கதைகளை முன்வைத்து விவாதித்தார். அவருக்குச் சற்று முன்பே அதே நாளிதழில் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தியிருந்தனர். இன்றும் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் 'கதைக்களம்' நடத்திவருகிறது. புலம்பெயர்ந்த மண்ணில் வாசகர் குறைவு என்பதால் எழுதுபவரே எழுதுபவருக்கு வாசகராக வேண்டியிருந்தது. செங்கல்பட்டிலோ, சென்னை அருகில் இருப்பதே இப்படி ஒருவருக்கொருவர் வாசகராவதற்குத் தடை. ஒரு மணி நேர ரயில் தொலைவில் மேடைகள் பல இருக்க, பக்கத்துத் தெருக்காரரின் கைப்பிரதியை யார் கேட்பார்?

ஒரே ஊர் எழுத்தாளர்கள் என்றால் வத்தலக்குண்டையும் சொல்ல வேண்டும். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜமையர், 'மணிக்கொடி'யைச் சிறுகதை இதழாக நடத்திய பி.எஸ்.ராமையா, 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா ஆகிய மூவரும் அவ்வூர்க்காரர்கள். செல்லப்பா தம் ஊர்க்காரரும் நண்பருமான ராமையாவின் கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றின் கட்டமைப்பை ஆராய்ந்து 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்று ஒரு தனி நூலே எழுதினார். நண்பருக்குப் பொன்னாடை போர்த்துவது ஐந்து நிமிட வேலை. நண்பரின் கதைகளை எல்லாம் திரும்ப வாசிப்பது மாதக்கணக்கில் ஆகும். சென்னையில் 1970-இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பும் இந்த உழைப்பையே முறைப்படுத்தியது. ஒவ்வொரு மாதமும் ஒருவர் அந்த மாத இதழ்களில் வெளியான சிறுகதைகளை வாசித்துச் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூட்டத்தில் காரணம் சொல்வார்; பன்னிரண்டு கதைகளிலிருந்து ஆண்டின் சிறந்த கதையை வேறொருவர் தேர்வார். பரிசு பெற்றவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்கும். பரிசு பெறாதவருக்கும் தம் கதையை யாரோ ஒருவர் கட்டாயமாக வாசித்திருக்கிறார் என்ற நிச்சயம் இருந்தது, அது சிறிய லாபம் அன்று.

எழுத்தைவிட்டுச் சற்று விலகினால், இந்தக் கரையிலேயே இன்னொரு முன்னோடி உண்டு. ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர் முன்னின்று 1966-இல், சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமம், ஊக்கத்தைப் பணமாகவும் நிலமாகவும் மாற்றிக்காட்டியது. துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாட்டிக் போன்ற கைவினைப் பொருள்களை ஓவியர்களும் சிற்பிகளும் செய்து விற்று, வருவாயில் ஒரு பங்கைப் பொதுநிதியில் சேர்த்து, அதைக்கொண்டு நிலம் வாங்கி, அவரவர் வீட்டை அவரவர் கட்டிக்கொண்டனர். கதை எழுதுவோர்க்கு நிலம் வாங்குவது எட்டாக்கனி. அந்த ஊரில் மனைவிலை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் சோழமண்டலத்தார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வாழ்த்தைக் காட்டிலும், பொதுநிதிக்குக் கொடுத்த பங்குதான் அவர்களைச் சேர்த்து வைத்தது என்பதில் ஐயமில்லை.

எழுதுவோரிடம் பொதுவில் போடுவதற்கு இருப்பது வாசிக்கும் நேரம். அதைச் சேர்ப்பதற்கும் பிரிப்பதற்கும் தமிழ்நாட்டுத் தெருக்களில் நன்றாகப் பழகிய முறை ஒன்று இருக்கிறது, அது சீட்டு. பன்னிரண்டு பேர் மாதம் ஆளுக்கொரு தொகை கட்டி, சேர்ந்த மொத்தத்தை மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வது குலுக்கல் சீட்டு. தொகைக்குப் பதிலாக வாசிப்பை வைத்தால் கதைச்சீட்டு. மாதம் ஒருவர் பெயர் விழும். அவருடைய முடியாத பக்கங்களை, இருபது பக்கத்துக்கு மேற்படாமல், மற்றப் பதினொருவரும் வாசித்து ஓரத்தில் குறிப்பெழுதி வருவர். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரும் பதினொரு முறை வாசித்திருப்பர், ஒரு முறை பதினொருவரால் வாசிக்கப்பட்டிருப்பர். ஏலச்சீட்டில் அவசரத் தேவையுள்ளவர் தள்ளிக் கேட்டு முன்னதாக எடுத்துக்கொள்ள, தள்ளிய தொகை மற்றவர்க்குக் கசராகப் பிரிவதுபோல, பதிப்பாளர் கெடு நெருங்கியவர் முன்னதாகச் சீட்டு எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக இன்னும் இருவருடைய பிரதியைக் கூடுதலாக வாசித்துக் கொடுக்கலாம். சீட்டுப் பிடிப்பவர் முதல் சீட்டைத் தாமே எடுத்துக்கொள்ளும் வழக்கம் பணச்சீட்டில் லாபத்துக்கானது. கதைச்சீட்டிலோ, முதலில் தம் கரட்டுப் பக்கத்தைத் திறந்துகாட்டும் துணிவு அவருடையதாக இருக்க வேண்டும் என்பதற்காக அது அவசியமாகிறது.

சீட்டில் உள்ள பழைய நோய் இதிலும் வரும், அதாவது எடுத்தவர் அடுத்த மாதம் முதல் காணாமற்போவது. பணச்சீட்டில் ஜாமீன் கேட்பார்கள். இங்கே இரண்டு விதி போதும். இரண்டாம் மாதத்திலிருந்து, அதுவரை சுற்றுக்கு வந்த பிரதிகளை எல்லாம் வாசித்துக் குறிப்பெழுதிக் கொடுத்தவர் பெயர் மட்டுமே குலுக்கலில் சேரும். சீட்டு எடுத்தவருக்குக் கருத்துகள் அன்றே வாய்மொழியாகச் சொல்லப்படும் என்றாலும், குறிப்பெழுதிய பதினொரு பிரதிகளும் அவர் அடுத்த மாத வாசிப்பை முடித்துக்கொண்டு வந்தபின்னரே கைக்குக் கொடுக்கப்படும். இது சற்றுக் கடுமையாகத் தோன்றக்கூடும். சீட்டில் ஏமாந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

வாசிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு வரியைக் கொண்டு விளக்கலாம். கரையோரக் கதை ஒன்றில், 'விடியற்காலைக் குளிர்ந்த காற்றில் அவன் கரைவலையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கடலுக்குப் புறப்பட்டான்' என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். 'நல்ல காட்சிப்படுத்தல்' என்று சொல்பவர் எழுதியவரை மகிழ்விக்கிறார், வாக்கியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குப்பத்தில், அதாவது மீனவர் குடியிருப்பில், வளர்ந்த ஒருவர் குழுவில் இருந்தால் மூன்று கேள்வி கேட்பார். கரைவலை என்பது படகில் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டு, இரு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து பலர் கூடி இழுப்பது. அதை ஒருவன் எப்படித் தோளில் போட்டான்? காற்று என்றால் எந்தக் காற்று. வடக்கிலிருந்து வரும் வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா? அவன் தனியாகப் போகிறான் என்றால் ஊரோடு ஏதோ சச்சரவு இருக்க வேண்டும், அது என்ன? மூன்றாம் கேள்வியில்தான் கதை இருக்கிறது. எழுதியவர் அறியாமல் வைத்த பிழை ஒன்று, வலைக்கு ஆள் வராத மனிதன் என்னும் கதைக்கு வாசல் திறந்துவிடுகிறது. ஊக்கப்படுத்துதல் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் கிடைப்பது அரிது: எழுதியவர் வீடு திரும்பியதும் மேசையில் உட்காரத் தூண்டும் கேள்வியைக் கையில் கொடுத்தனுப்புவது.

வட்டார வழக்கு, அதாவது ஒரு நிலப்பகுதி மக்கள் நாவில் மட்டும் புழங்கும் சொல்லும் தொடரும், இந்தக் கரைக்கு இன்னும் முறையாகத் தொகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கரிசல் நிலத்துக்கு ஒரு சொல்லகராதியைக் கி.ரா. 1982-இல் கொடுத்தார். கரிசல், நாஞ்சில், கொங்கு என்று சொன்னதும் வாசகர் மனத்தில் நாவல்கள் வரிசையாக எழுவதுபோல் செங்கல்பட்டு என்றதும் எழுவதில்லை. பாலாற்றுப் படுகை, ஏரிப்பாசனம், உப்பளம், வடநெம்மேலியில் 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர், ஐந்து ரதங்களுக்குப் போகும் தெருவெங்கும் கேட்கும் உளிச்சத்தம், 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து புது மாவட்டமான ஊரின் மனைவணிகம் எனக் கதைப்பொருள் குவிந்து கிடக்கிறது. ஒருவர் அறிந்தது மற்றவர் அறியாதது. கல்பட்டறைக்காரர் மகன் எழுதும் கதையில் ஏரிமதகு தவறாக வந்தால் திருத்தத் திருக்கழுக்குன்றத்து விவசாயி மகள் இருக்கிறார். அவர் கதையில் உளி தவறாக வந்தால் திருத்த இவர் இருக்கிறார்.

இலக்கு வைப்பது பற்றி ஒன்று மட்டும். ஆங்கில இலக்கியத்தில் ஆக்ஸ்ஃபர்டு நண்பர்கள் குழுவில் தம் பெருங்கதையை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக்காட்டிய டோல்கீன், சி.எஸ்.லூயிஸ் விடாமல் தூண்டியிராவிட்டால் அதை முடித்தேயிருக்க முடியாது என்று பிற்பாடு எழுதினார். அந்தத் தூண்டுதல் தேதி குறித்ததாகத் தெரியவில்லை. அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்டதாகவே தெரிகிறது. ஆகவே, குழுவில் ஒருவர் மாதக்கணக்கில் வெறுங்கையோடு வந்தால், ஏன் எழுதவில்லை என்று கேட்பதைத் தவிர்த்து, அவர் கடைசியாக விட்ட காட்சியில் நின்றுகொண்டிருக்கும் பாத்திரத்தின் நலம் விசாரிக்கலாம். வீட்டில் நோயாளி, வேலையில் இடமாற்றம், பிள்ளையின் தேர்வு என்று காரணங்கள் இருக்கும். பெண் எழுத்தாளர்களுக்கு அவை இரட்டிப்பாக இருக்கும், கூட்டம் வைக்கும் நேரத்தையே அவர்கள் வசதியைக் கேட்டுக் குறிப்பது முறை.

கூடும் இடம் கொளவாய் ஏரிப் பக்கமோ, நூலகத்தின் ஒரு மூலையோ, யாருடைய வீட்டுத் திண்ணையோ ஆகலாம். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். மாமல்லபுரக் கடற்கரையில் கூடுவதானால் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் என்பதை நினைவில் வைத்து, சீட்டு எடுத்தவர் தம் இருபது பக்கத்துக்கும் எண்ணிட்டு, இடது மேல்மூலையில் துளையிட்டு நூல் கோத்துக் கொண்டுவருதல் வேண்டும்; பதினான்காம் பக்கம் அலைக்குள் போய்விட்டால், அதில் என்ன இருந்தது என்று பதினொருவரும் பதினொரு விதமாகச் சொல்லத் தொடங்கிவிடுவர்.

இங்ஙனம்,
இக்கரையின் வாசகர் ஒருவர்